ஆட்சிக் கலைப்பு (அரசமைப்புப் பிரிவு 356)

மாநில அரசு அரசமைப்புச் சட்டப்படி நடக்க முடியாத நிலை வந்தால் அதை நீக்கிவிட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர இந்திய அரசமைப்பின் 356-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆளுநரின் அறிக்கையைக் கொண்டோ ‘வேறு வகையிலோ’ குடியரசுத் தலைவர் இம்முடிவுக்கு வரலாம். பிரிட்டிஷ் ஆளுநர்களுக்கு அதிகாரம் தந்த 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93-ஆம் பிரிவுதான் இதற்கு மூலம். அரசமைப்பு அவையில் எதிர்ப்பு எழுந்தபோது, இது பயன்படுத்தப்படாமலே கிடக்கும் என்று தாம் நம்புவதாக அம்பேத்கர் கூறினார்.

1951-ல் பஞ்சாபில் இப்பிரிவு முதன்முதலாகக் கையாளப்பட்டது. ஆனால் அங்கே அமைச்சரவை முன்னதாகவே பதவி விலகியிருந்தது. நிலைமையை மாற்றியது கேரளம். 1957 தேர்தலில் வென்ற ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு அரசு, கல்விச் சட்டத்தை எதிர்த்து எழுந்த ‘விமோசன சமரம்’ என்ற கிளர்ச்சியைச் சந்தித்தது. சட்டமன்றத்தில் அதன் பெரும்பான்மை குலையவில்லை. ஆயினும் 1959 ஜூலை 31 அன்று நேரு அரசு அதைக் கலைத்தது. பெரும்பான்மை உள்ள அரசையும், தெருவில் கிளர்ச்சி வலுத்தால், தில்லி வீட்டுக்கு அனுப்பலாம் என்ற வழக்கம் இங்கே வேர்விட்டது.

தமிழ்நாட்டில் மு. கருணாநிதியின் தி.மு.க. அரசு 1976 ஜனவரி 31 அன்று, நெருக்கடிநிலைக் காலத்தில், கலைக்கப்பட்டது. சட்டமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடியச் சில வாரங்களே இருந்தன.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் இவ்வரலாற்றின் ஆபத்தான திருப்பம். நெருக்கடிநிலையை எதிர்த்து வென்ற ஜனதா அரசு, மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் தோற்றதால் அதன் மாநில அரசுகள் மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டன என்று வாதிட்டது. சட்டமன்றத்தைக் கலைக்கப் பரிந்துரைக்கும்படி ஒன்பது முதலமைச்சர்களுக்கு உள்துறை அமைச்சர் சரண் சிங் கடிதம் எழுதினார். ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் சென்றன. ஏழு நீதிபதிகள் அமர்வு அவற்றின் வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. ஒன்பது சட்டமன்றங்களும் கலைந்தன. ஜனநாயகத்தை மீட்க வந்தவர்களே இதைச் செய்தது வேதனைக்குரியது.

1980-ல் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானார். பிப்ரவரி 17 அன்று, எதிர்க்கட்சிகள் ஆண்ட ஒன்பது மாநில அரசுகள் அதே வாதத்தால் வீழ்ந்தன. அவற்றுள் தமிழ்நாட்டின் எம். ஜி. ஆர். அரசும் ஒன்று. அவரது கட்சி மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் இரண்டை மட்டுமே பெற்றிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கலைப்புக்கு ஆளான தி.மு.க. அப்போது காங்கிரசின் கூட்டணியில் இருந்தது. சில மாதங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் எம். ஜி. ஆர். பெரும்பான்மையோடு திரும்பி வந்தார். மக்களவைக்கு அளித்த வாக்கைக் கொண்டு மாநில அரசின் செல்வாக்கை அளக்கலாம் என்ற வாதத்துக்கு வாக்காளர்களே அளித்த மறுப்பு அது.

1991 ஜனவரி 30 அன்று தி.மு.க. அரசு இரண்டாம் முறை கலைக்கப்பட்டது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்திருந்தார். எனவே பிரதமர் சந்திரசேகரின் அரசு ‘வேறு வகையிலோ’ என்ற சொற்களையே பற்றிக்கொண்டது. சட்டத்தின் ஓரத்தில் கிடந்த இரு சொற்கள் ஓர் ஆட்சியை வீழ்த்தப் போதுமானவையாயின.

இதற்கு முன்பே, கர்நாடகத்தில் 1989 ஏப்ரலில் முதலமைச்சர் எஸ். ஆர். பொம்மை, பேரவையில் பெரும்பான்மையை நிரூபிக்க வாய்ப்புக் கேட்டார். அது மறுக்கப்பட்டு ஆட்சி கலைக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1994 மார்ச் 11 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பெரும்பான்மையைப் பேரவையில்தான் சோதிக்க வேண்டும். கலைப்பு ஆணை நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது. நாடாளுமன்றம் ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது என்றெல்லாம் அது வரையறுத்தது. பாபர் மசூதி இடிப்புக்குப் பின் மூன்று மாநில பா.ஜ.க. அரசுகளை நீக்கியது செல்லும் என்று ஏற்ற அதே தீர்ப்பு, கர்நாடகக் கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்றது. அதற்குள் அங்கே தேர்தல் நடந்து வேறு அரசு அமைந்து நான்காண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பொம்மையின் அமைச்சரவையை மீட்க வழியில்லை.