முற்பணி மதிப்பீடும் நியாயமும்: அமெரிக்க அரசாங்க மருத்துவப் பணியாளர் ஒப்பந்தங்களில் எழும் தகராறுகள்

அரசாங்கம் ஒரு காரியத்தைத் தானே செய்யாமல் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, அவர் இதற்குமுன் ஏற்ற பணிகளை எவ்விதம் நிறைவேற்றினார் என்று விசாரித்தறிவது விவேகமான செயல் என்பதில் இருவேறு அபிப்பிராயங்களுக்கு இடமில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காங்கிரஸ், விலையொன்றையே நோக்கித் தேர்வு செய்வதால் விளையும் கேடுகளை உணர்ந்து, 1994ஆம் ஆண்டில் இயற்றிய கொள்முதல் சீர்திருத்தச் சட்டத்தில், முற்பணித் திறனும் தேர்வுக்குரிய அளவுகோல்களுள் ஒன்றாதல் வேண்டும் என்னும் கொள்கையை அங்கீகரித்தது. கொள்கை நன்றே. ஆயினும் அது மருத்துவர்களையும் நர்ஸ்களையும் அமர்த்தித் தரும் ஒப்பந்தங்களில் பிரயோகிக்கப்படும்போது, கடினமான இடங்களில் துணிந்து பணியாற்றியவரைத் தண்டித்து, அங்கே அடியெடுத்து வைக்காதவரைக் காப்பாற்றுகிறது என்பதும், அதற்குரிய பரிகாரம் மேல்முறையீட்டைவிட மதிப்பீட்டுப் பதிவு எழுதப்படும் முறையிலேயே இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதற்கண் இவ்வொப்பந்தங்களின் இயல்பை நோக்குவோம். முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைகளும், இராணுவ மருத்துவமனைகளும், ஆதிகுடி மக்களுக்கான இந்தியன் ஹெல்த் சர்வீஸும் தம்மிடமுள்ள நிரந்தர ஊழியர்கள் போதாதபோது தனியார் நிறுவனங்களின் வாயிலாகப் பணியாளரைப் பெறுகின்றன. இவற்றுள் நேரடி ஊழியத்தன்மை இல்லாத ஒப்பந்தங்களில், சேவையின் தரத்தை மதிப்பிடும் உரிமையை அரசாங்கம் வைத்துக்கொண்டு, நோயறிதல் முதலிய தொழில்முறைத் தீர்ப்புகளில் தனக்கு ஆதிக்கமில்லை என்று ஒதுங்கிவிடுகிறது. சிகிச்சைப் பிழைக்கான காப்புறுதியும் ஒப்பந்தக்காரரின் தலையிலேயே விழுகிறது. எனவே எளிதில் எண்ணிக் காட்டத்தக்கதாக எஞ்சுவது, கேட்கப்பட்ட ஷிப்டுகளுள் எத்தனை நிரப்பப்பட்டன என்னும் கணக்கே. ஆனால் அந்தக் கணக்கு ஒப்பந்தக்காரர் ஒருவருடைய முயற்சியால் மட்டும் அமைவதன்று. நிறுவனம் தேர்ந்தனுப்பிய நர்ஸ் வார்டில் கால்வைப்பதற்கு முன் உரிமச் சரிபார்ப்பு, தகுதிச் சான்றுகளின் பரிசீலனை, பின்புல விசாரணை, கணினிப் பதிவேட்டில் நுழைவதற்கான அனுமதி ஆகிய படிகளைக் கடந்தாக வேண்டும். இவற்றுள் முக்கியமானவை மருத்துவமனை உத்தியோகஸ்தர்களின் கையில் உள்ளன. அவை தாமதமாகி, காத்திருந்தவர் வேறிடத்தில் வேலைக்கமர்ந்துவிட்டால், அந்தக் காலி ஷிப்டு எவருடைய குற்றம்? மதிப்பிடுபவரே அந்தச் செயலின் ஒரு பங்காளியாகவும் இருக்கிறார் என்பதே பிரச்சினையின் வேர்.

இம்மதிப்பீடுகள் ‘சிபார்ஸ்’ எனப்படும் மத்தியப் பதிவேட்டில், ‘மிகச் சிறப்பு’ முதல் ‘திருப்தியற்றது’ வரை ஐந்து தரங்களுள் ஒன்றாகப் பதிவாகின்றன. ஒப்பந்தக்காரர் தம் மறுமொழியை எழுதப் பதினான்கு நாட்கள் பெறுகிறார். அதன்பின் மதிப்பீடு பிற துறைகளின் பார்வைக்குச் செல்கிறது. கருத்து வேற்றுமை எழுந்தால் ஒப்பந்த அதிகாரிக்கு மேற்பட்ட ஒருவர் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் முடிவு அந்தத் துறையினுடையதே. 2011இல் டாட் கன்ஸ்டிரக்‌ஷன் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், இத்தகைய மதிப்பீட்டை எதிர்த்து வழக்காட ஒப்பந்தத் தகராறுச் சட்டம் இடம் தருகிறது என்று ஏற்றது; எனினும் வாதியின் கோரிக்கை தள்ளுபடியானது என்பதையும் உடன் நினைக்க வேண்டும். அவ்வழி திறந்திருப்பினும், வழக்கு முடிவதற்குள் அடுத்த டெண்டர் கடந்துபோய்விடுகிறது.

அடுத்த டெண்டரில் தோற்றவர் ஜி.ஏ.ஓ. எனப்படும் அரசாங்கப் பொறுப்புடைமை அலுவலகத்தின்முன் ஆட்சேப மனுவை, பொதுவாகப் பத்து நாட்களுக்குள், தாக்கல் செய்கிறார். நூறு நாட்களுக்குள் அது முடிவு சொல்கிறது. மதிப்பீடு நியாயமானதா, டெண்டரில் அறிவித்த அளவுகோலுக்கு இணங்கியதா, ஆதாரத்துடன் எழுதப்பட்டதா என்று அது பார்க்குமேயன்றி, பழைய ஒப்பந்தத்தில் நடந்தது என்ன என்பதைப் புதிதாக விசாரிக்காது. மதிப்பீட்டுடன் உடன்படவில்லை என்பது மட்டும் ஆட்சேபத்திற்குப் போதிய காரணமாகாது. அலுவலகத்தின் இந்த அடக்கம் முற்றும் தகுதியானதே. குறுகிய காலத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஒரு சபை, பல ஆண்டுகளுக்கு முந்திய ஷிப்டுக் கணக்குகளை ஒவ்வொன்றாக ஆராய முற்பட்டால் கொள்முதலே ஸ்தம்பித்துவிடும். ஆயினும் இதன் விளைவாக, பதிவு செய்யும்போது கேட்கப்படாத காரணம் பின்னர் எங்குமே கேட்கப்படாமற் போகிறது.

இதனால் நேரும் அநீதி ஒப்பந்தக்காரரோடு நின்றுவிடுவதில்லை. முற்பணிப் பதிவே இல்லாதவரைச் சாதகமாகவோ பாதகமாகவோ மதிப்பிடலாகாது என்பது நெடுங்கால விதி. புதியவருக்கு வாயில் திறக்கும் நல்ல விதிதான். ஆனால் நர்ஸ் கிடைப்பதே அரிதான ஓர் ஊரில் முயன்று பாதி வெற்றி கண்ட நிறுவனம் பாதகமான தரத்தைச் சுமக்கையில், அங்கே செல்ல மறுத்த நிறுவனம் களங்கமின்றி நிற்கிறது. அப்படியானால் அடுத்த முறை எந்த நிறுவனம் அங்கே செல்லும்? தென் டகோட்டாவின் ரோஸ்பட் ஆதிகுடிப் பகுதியில், இந்தியன் ஹெல்த் சர்வீஸ் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு 2015 டிசம்பரில் மூடப்பட்டு, 2016 ஜூலை வரை திறக்கப்படாமலிருந்தது. அம்மாதங்களில் உயிருக்குப் போராடியவர்களும் வின்னர், வாலண்டைன் முதலிய தொலைவூர்களுக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டியதாயிற்று. அதன் காரணங்கள் பல. ஆயினும் தகுந்த பணியாளர் வந்து நிலைக்காத இடத்தில் நோயாளி அடையும் கதி யாது என்பதற்கு அதைவிட வேறு பிரமாணம் வேண்டா. அத்தகைய ஊர்களுக்குச் செல்லும் துணிவைத் தண்டிக்கும் எந்த முறையும் இறுதியில் அந்நோயாளிகளையே தண்டிக்கிறது.

காரணங்களையெல்லாம் எழுதப் புகுந்தால் ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் சாக்குச் சொல்வார், வழக்குக்கு அஞ்சிய அதிகாரி எல்லோருக்கும் ‘திருப்தி’ என்றே எழுதிவிடுவார் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அச்சம் அடிப்படையற்றதன்று. ஆனால் அதிகாரியின் தயக்கத்திற்கு மூலம், தம் அபிப்பிராயத்தைத் தாங்கி நிற்க ஆதாரமில்லாமையே. பணியாளர் கேட்கப்பட்ட நாள், ஒப்பந்தக்காரர் ஆளை முன்னிறுத்திய நாள், அரசாங்கம் அனுமதி தந்த நாள் ஆகிய மூன்றும் மதிப்பீட்டில் அருகருகே எழுதப்படுமாயின், சாக்கும் நியாயமான காரணமும் தாமே பிரிந்து தோன்றும். குற்றமுடையவரைக் கண்டிக்கவும் அதிகாரிக்குத் துணிவு பிறக்கும்.

இதற்குப் புதிய சட்டமொன்றும் தேவையில்லை. முற்பணித் தகவலை எடைபோடுகையில் அதன் அண்மையும் பொருத்தமும் மட்டுமன்றி, அது எழுந்த சந்தர்ப்பமும் கருதப்பட வேண்டும் என்று கொள்முதல் விதிகளே விதித்துள்ளன. அந்தச் சந்தர்ப்பத்தைப் பதிவேட்டில் எழுதாதவரை, தேர்வு செய்பவர் அதை எங்கிருந்து கருதுவார்? ஆகவே மூன்று தேதிகளையும் ஊரின் பணியாளர் நிலையையும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் எழுதுவதைத் துறைகள் கட்டாயமாக்க வேண்டும். அவை இல்லாத பாதகத் தரம் ஒன்றைத் தேர்வுக்கு ஆதாரமாகக் கொண்டால், அது நியாயமான மதிப்பீடாகாது என்று ஜி.ஏ.ஓ.வும் கொள்ள வேண்டும். அங்ஙனம் செய்யின் அதன் அடக்கத்திற்கும் பங்கம் வராது, தகராறுகளும் குறையும், கடினமான ஊர்களில் பணி ஏற்பதும் ஒப்பந்தக்காரருக்கு நஷ்டமாகாது.