ரயில் வராத பாதையில் இரண்டு நாள் சைக்கிள்

போன தீபாவளிக்கு மிச்சமிருந்த லீவையெல்லாம் சேர்த்துப் போட்டு ஸ்பெயின் போய் வந்தோம். மச்சினன் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறான். தங்கமணிக்கும் பையனுக்கும் கடைத்தெரு போதும் என்றாகிவிட, "அத்தான், நாம ரெண்டு பேரும் சைக்கிள் ஓட்டலாமா?" என்றான். நாக்பூரில் பதினோரு வருஷமாக ஹாரன் சத்தத்தில் குப்பை கொட்டுகிறவன், வேண்டாம் என்றா சொல்வேன்?

போன இடம் தென்மேற்கில், போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய எஸ்த்ரெமதூரா. (பேரிலேயே மதுரை ஒட்டிக்கொண்டிருக்கிறது, மதுரைக்காரனுக்கு இது போதாதா!) வில்லனுவேவா தெ லா செரேனா என்ற ஊரில் ஆரம்பித்து லோக்ரோசான் வரை ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் சைக்கிள் பாதை. முதல் பாதி நெல் வயல். ஆமாம், சாட்சாத் நெல்தான்! 1952ல் போட்ட அணைத் திட்டத்தின் புண்ணியம். அதைத் தாண்டி வெட்டவெளி. அப்புறம் மெல்ல மெல்ல ஓக் மரங்கள். காடு மாதிரி அடர்த்தியாக இல்லை, ஏக்கருக்குப் பத்து இருபது மரம். நடுவில் புல், புல்லில் ஆடு, மாடு. மரத்தடியில் கறுப்புப் பன்றிகள் உதிர்ந்த ஓக் கொட்டைகளை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் பாதை வரை கேட்கிறது. அவ்வளவு அமைதி.

இந்த மரமேய்ச்சல் நிலத்துக்கு தெஎசா என்று பேர். லத்தீனில் 'காப்பு' என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. அடுத்தவன் ஆடு நுழையாதபடி காவல் போட்ட நிலம். பார்த்தால் இயற்கையாக வளர்ந்த தோப்பு போலிருக்கும், இல்லை. ஓக் காட்டைக் கழித்து, கிளை வெட்டி, பல நூறு வருஷம் மனுஷன் பராமரித்து உண்டாக்கியது. சரி, இவ்வளவு நிலமிருந்தும் ஏன் ஆளே இல்லை? இரண்டு நாளில் எதிரே வந்த சைக்கிள்கள் மூன்று. திரும்பி வந்து புத்தகங்களைப் புரட்டினால், எங்கே தொட்டாலும் ஒரு கடன்காரன் எட்டிப் பார்க்கிறான். வங்கிக்காரன் கண்ணுக்கு அதுதான் படும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1273ல் பத்தாம் அல்ஃபோன்சோ என்ற ராஜா, ஆட்டுக்காரர் சங்கங்களை ஒன்றாக்கி 'மெஸ்தா' என்ற அமைப்புக்குச் சாசனம் கொடுத்தார். நம்ம சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கீதாரிகள் கிடை போட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போவார்களே, அந்த மாதிரிதான். ஆனால் இங்கே அளவு வேறு. வடக்கே லெயோன் மலையிலிருந்து குளிர்காலத்துக்கு இந்த ஓக் நிலங்களுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடை. 1520களில் முப்பது லட்சம் ஆடுகளுக்கு மேல். அவை போக கன்யாதா என்ற ராஜபாட்டைகள், 90 வாரா அகலம், அதாவது 75 மீட்டர். நாலுவழிச்சாலை தோற்கும்!

ராஜாக்களுக்கு ஆட்டின் மேல் என்ன அவ்வளவு பாசம்? வரி. உழவனிடம் வசூலிக்க வீடு வீடாகப் போகணும். ஆடு தானாக நடந்து சுங்கச்சாவடிக்கு வரும். 1501ல் ஃபெர்டினாண்டும் இசபெல்லாவும் ஒரு சட்டம் போட்டார்கள். மெஸ்தாக்காரர் மேய்ச்சலுக்குப் பிடித்த நிலத்தை அதே வாடகையில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். அதை ஏர் கொண்டு உழ நினைத்தவன் கதி அவ்வளவுதான். இந்த ஃபெர்டினாண்ட் 1516 ஜனவரியில் உயிரை விட்டது எங்கே தெரியுமா? எங்கள் சைக்கிள் பாதையில் வருகிற மத்ரிகலேஹோ என்ற சின்ன கிராமத்தில்.

அவர் பேரன் சார்லஸ், 1519ல் ஜெர்மானியப் பேரரசனாகத் தேர்வாக வேண்டி எட்டரை லட்சம் ஃப்ளோரின் செலவழித்தார். ஓட்டுக்குக் காசு அப்போதே உண்டு. அதில் ஐந்தே கால் லட்சத்துக்கும் மேல் கொடுத்தது ஆக்ஸ்பர்க் ஊர் வங்கிக்காரர் ஜேக்கப் ஃபுக்கர். கடனை அடைக்க வழி? சந்தியாகோ, கலத்ராவா, அல்காந்தாரா என்ற மூன்று போர்வீரத் துறவியர் அமைப்புகளின் நில வருமானத்தை 1525ல் ஃபுக்கர் குடும்பத்துக்குக் குத்தகை விட்டார். மேய்ச்சல் வாடகையும் அதில் சேர்த்தி. நாங்கள் சைக்கிள் ஏறிய செரேனா சீமையே அல்காந்தாரா அமைப்பின் சொத்துதான். எங்கோ ஜெர்மனியில் கணக்குப் புத்தகம், இங்கே புல்.

1836ல் மெஸ்தாவைக் கலைத்தார்கள். அப்பாடா, உழுகிறவனுக்கு நிலம் வரும் என்று நினைப்பீர்கள். அதே வருஷம் மடங்களின் நிலத்தை அரசு ஏலம் விட்டது, கடனில் மூழ்கியிருந்ததால். அரசாங்கக் கடன் பத்திரத்தை முகமதிப்புக்கே கொடுத்து நிலம் வாங்கலாம். சந்தையில் அடிமாட்டு விலைக்குக் கிடந்த பத்திரம்! அதை வைத்திருந்தவன் யார்? பண்ணையார்தான். 1855ல் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமும் ஏலத்துக்கு வந்தது. ஏழைக்கு இருந்த ஒரே தெஎசாவும் போச்சு.

மிச்சமிருந்தவர்கள் யுந்தேரோக்கள். ஒரு ஜோடி கோவேறு கழுதை உண்டு, நிலம் கிடையாது. 1936 மார்ச் 25 காலையில் பதாஹோஸ் மாகாணத்தில் சுமார் அறுபதாயிரம் பேர் மூவாயிரம் பண்ணைகளில் இறங்கி உழ ஆரம்பித்தார்கள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. உள்நாட்டுப் போர் வந்தது, ஆகஸ்டில் ஃபிராங்கோவின் படை பதாஹோஸ் நகரத்தைப் பிடித்தது, கொல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். நிலம் பழைய கைக்கே போனது. இதை எழுதும்போது அந்த மரத்தடிகள்தான் கண் முன்னால் வருகின்றன.

அப்புறம் என்ன, ஊரை விட்டுக் கிளம்பினார்கள். மாட்ரிட், பார்சிலோனா, பில்பாவோ, ஜெர்மனி. 1960ல் எஸ்த்ரெமதூராவின் ஜனத்தொகை கிட்டத்தட்ட 13.8 லட்சம். இன்றைக்கு சுமார் பத்தரை லட்சம்.

எங்கள் பாதைக்கு வருகிறேன். வில்லனுவேவாவையும் தலவேராவையும் இணைக்க 1926 திட்டத்தில் வந்த ரயில் பாதை அது. மண் கொட்டினார்கள், பாலம் கட்டினார்கள், ஸ்டேஷன்கூடக் கட்டினார்கள். 1962ல் உலக வங்கி அறிக்கை, ஸ்பெயினுக்குப் புது ரயில் பாதை வேண்டாம் என்றது. (மறுபடியும் நம்ம ஆட்கள்!) அந்தப் பத்தாண்டிலேயே வேலையைக் கைவிட்டார்கள். ஒரு பயணி ரயில்கூட ஓடவில்லை. 1993ல் தொடங்கிய திட்டத்தில் இப்படிப் படுத்த ரயில் பாதைகளைச் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிட்டார்கள், நாட்டில் இப்போது மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆட்டுப் பாதைகளையும் 1995 சட்டம் விற்கமுடியாத பொதுச்சொத்து என்று காப்பாற்றியது. அதிலும் சைக்கிள் போகலாம். ரயிலுக்கான பாதை என்பதால் ஏற்றமே தெரியவில்லை, என் முட்டிக்கு நல்லதாய்ப் போச்சு.

சொரீத்தா பக்கத்தில் காபி குடிக்க ஊருக்குள் போனோம். பூட்டின வீடுகள். டீக்கடை பெஞ்சு மாதிரி ஒன்றில் தாத்தா ஒருவர். மச்சினன் பேச்சுக் கொடுத்தான். பையன் மாட்ரிட், பெண் பில்பாவோ. "அமைதியா இருக்கே உங்க ஊர்" என்று நான் சொன்னதை மொழிபெயர்த்தான். பெருசு சிரிக்கவில்லை. ஆகஸ்டில் வா, திருவிழாவுக்கு எல்லோரும் வருவார்கள், தூங்கக்கூட முடியாது என்றார். எங்க ஊர் பங்குனிப் பொங்கல் ஞாபகம் வந்தது. மூன்று நாள் கார் நிறுத்த இடமிருக்காது, நாலாம் நாள் நாய் குரைத்தால் ஊரெல்லாம் கேட்கும்.

உன் ஊர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாச்சு, வீடு மட்டும் இருக்கிறது, சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் என்றேன். மச்சினன் அதைச் சொன்னதும் தாத்தா எழுந்து போய் உள்ளேயிருந்து ஒரு ஆணிப்பலகையைக் கொண்டுவந்து காட்டினார். ஏழு சாவி தொங்கியது. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எந்த வீடு, யார் எந்த ஊரில் என்று சொல்லிக்கொண்டே போனார். லோக்ரோசான் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது.