சபரகமுவவில் இஸ்லாம்

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சபரகமுவவுக்கு இஸ்லாம் படையோடு வந்த மதமன்று. மாணிக்கக்கல் தேடிய வியாபாரிகளும் ஆதம் நபியின் பாதச்சுவட்டைக் காணப் புறப்பட்ட யாத்திரிகர்களுமே அதை மலையடிவாரம் வரை கொண்டுவந்தனர். இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை போன்ற தோட்டப்புற ஊர்களில் இன்றுள்ள பள்ளிவாசல்கள் அந்த நீண்ட வரலாற்றின் பிற்பகுதியைச் சேர்ந்தவை.

மக்காவில் சுமார் 570இல் பிறந்த முஹம்மது நபி 622இல் மதீனாவுக்கு ஹிஜ்ரத் சென்றார், 632இல் காலமானார். அடுத்த இருபது ஆண்டுகளில் சிரியா, எகிப்து, ஈராக், பாரசீகத்தின் பெரும்பகுதி ஆகியன கலீபாக்களின் ஆட்சிக்குள் வந்துவிட்டன. 661இல் உமையாக்கள் திமிஷ்க்கிலிருந்து ஆளத் தொடங்கினர். 750இல் அவர்களை வீழ்த்திய அப்பாஸியர் 762இல் பக்தாத் நகருக்கு அடிக்கல் நாட்டினர். இலங்கையைப் பொறுத்தவரை இதில் முக்கியமானது பாரசீக வளைகுடா ஒரே ஆட்சியின் கீழ் வந்ததுதான். பஸ்ரா, ஸீராஃப் துறைகளிலிருந்து கிழக்கே பாய்விரித்த கப்பல்களுக்கு முத்தும் மாணிக்கமும் யானைத் தந்தமும் கிடைக்கும் இத்தீவு வழியில் தவறவிடக்கூடாத இடமாயிற்று.

அரபு வரலாற்று நூல்களில் இலங்கை தலைகாட்டும் முதற்செய்திகளுள் ஒன்று சற்று வியப்பானது. இத்தீவில் இறந்துபோன முஸ்லிம் வியாபாரிகளின் பெண்மக்களை இதன் மன்னன் ஈராக் ஆளுநர் ஹஜ்ஜாஜுக்குக் கப்பலில் அனுப்பினான் என்றும், சிந்து நதிமுகத்துத் தேபல் அருகே கடற்கொள்ளையர் அதை மறித்தனர் என்றும் 9ஆம் நூற்றாண்டு ஆசிரியர் பலாதுரி எழுதுகிறார். 711ஐ ஒட்டி முஹம்மது இப்னு காஸிம் சிந்துமீது படையெடுத்ததற்கு இதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. காரணமா, சாக்கா என்பது வேறு விவாதம். சபரகமுவவின் வரலாறு எழுதுபவருக்கு வேண்டிய குறிப்பு வேறொன்று: பலாதுரி இத்தீவை ‘மாணிக்கத் தீவு’ என்கிறார். ஆனால் அப்பெயருக்கு அவர் சொல்லும் காரணம் கல்லன்று, இத்தீவுப் பெண்களின் முகஅழகு. எனவே வியாபாரிகளின் கண் அப்போதே உள்நாட்டு ஆற்றுப்படுகைகள் மீது இருந்தது என்பதற்கு இதை நேரடிச் சாட்சியாகக் கொள்ளமுடியாது.

உமையாக் கலீபா அப்துல் மலிக்கின் கொடுமைக்குத் தப்பிய ஹாஷிம் குலத்தார் மன்னார், புத்தளம், கொழும்பு, பேருவளை முதலிய இடங்களில் குடியேறினர் என்பது இலங்கை முஸ்லிம்களான சோனகரிடையே வழங்கிய மரபு. அதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு செய்தவர் நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வாய்மொழியை அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை. கொழும்பில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல்லறைக் கல்வெட்டு உறுதியான தரையைத் தருகிறது. அதன் காலம் ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. 948.

கரையிலிருந்து மேட்டுக்கு ஏறும் வழியைத் திறந்தது பாவாதமலை. பௌத்தருக்கு ஸ்ரீபாத, சைவருக்குச் சிவனொளிபாதமலை. 851இல் அரபியில் தொகுக்கப்பட்ட கடற்பயணக் குறிப்புகளே ஸரந்தீப் என்று அரபிகள் அழைத்த இத்தீவின் மலையையும் ஆதமின் பாதத்தையும் சுற்றியுள்ள மணிக்கற்களையும் சேர்த்துப் பேசுகின்றன. 1344இல் வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, யாழ்ப்பாண மன்னன் ஆரியச்சக்கரவர்த்தியின் உதவியோடு மலையேறினார். உச்சிக்கு அருகே பாறையில் பிணைத்திருந்த பத்துச் சங்கிலிகளை எண்ணிச் சொல்கிறார். பத்தாவதற்குப் பெயர் கலிமாச் சங்கிலி: அங்கு நின்று கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவோம் என்று அஞ்சிக் கலிமாவை ஓதிவிடுவானாம்! நூறு பணத்துக்கு மேற்பட்ட மதிப்புள்ள கல்லை அப்பகுதி மன்னன் விலைகொடுத்து எடுத்துக்கொள்வான், அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவனுக்கே என்ற வழக்கத்தையும் அவர் குறித்துவைத்தார்.

கல்லைப் பற்றிய அறிவும் இஸ்லாமிய நாகரிகத்தின் ஒரு முகம். 13ஆம் நூற்றாண்டில் அரபியில் மணிநூல் எழுதிய திஃபாஷி, இலங்கையில் சிவப்புக்கல்லைச் சூடேற்றி நிறம் தெளிவிக்கும் முறையை விவரிக்கிறார். அம்முறை இன்றும் அறுந்துபோகவில்லை. கரித்தணலில் கல்லை வைத்து, ஊதுகுழலால் நிதானமாக ஊதி வெப்பத்தை ஏற்றுவார்கள். சிவப்பில் கலந்திருக்கும் நீலச்சாயல் போகும்வரை ஊதவேண்டும். அவசரப்பட்டால் கல் வெடித்துவிடும். இரத்தினபுரியிலும் பேருவளையிலும் கல் வியாபாரத்தில் முஸ்லிம்களின் கை ஓங்கியிருப்பதற்கு இப்படிப்பட்ட கைப்பழக்கமும் ஒரு காரணம்.

சிங்கள அரசர்களும் இந்த வணிகத்தை நன்கு பயன்படுத்திக்கொண்டனர். முதலாம் புவனேகபாகு 1283இல் கெய்ரோவுக்கு, மம்லூக் சுல்தான் கலாவூனிடம் தூது அனுப்பி முத்தும் மணியும் யானையும் தர முன்வந்தான். அவன் அனுப்பிய ஓலையை அந்த அரசவையில் யாராலும் படிக்க முடியவில்லை.

போர்த்துக்கேயர் 1505இல் வந்தபின் நிலைமை மாறியது. கரையோர வணிகத்தைத் தமதாக்க விரும்பிய அவர்களின் நெருக்குதலால் 1526இல் கோட்டை இராச்சியத் துறைகளிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். உள்நாட்டு மன்னர்கள் அவர்களுக்கு இடமளித்தனர். கண்டி அரசில் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த ‘மடிகே’ பிரிவில் முஸ்லிம்கள் பணிபுரிந்தனர். தவளமாடுகள் உப்பும் கருவாடும் ஏற்றி மேலே போய்ப் பாக்கோடு கீழே இறங்கின. கேகாலை மாவட்டத்து மாவனல்லை, ஹெம்மாத்தகமைப் பகுதிகளில் இன்றும் முஸ்லிம் ஊர்கள் அடர்ந்திருக்கின்றன.

தோட்டப்புறம் வேறு கதை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பியும் அதன்பின் தேயிலையும் வந்தபோது, தோட்டங்களுக்கு நடுவே பசார்கள் முளைத்தன. மாதம்பையிலிருந்து தெனியாயைக்குப் போகும் வீதியிலுள்ள இறக்குவானை அவற்றுள் ஒன்று. சுற்றிலும் தேயிலை, பள்ளத்தில் கல்லுக்குழி. பேருவளை, காலிப் பக்கத்துச் சோனகரும் தமிழகக் கரையிலிருந்து வந்த சம்மாங்காரரும் இத்தகைய இடங்களில் புடவைக்கடை, பலசரக்குக்கடை வைத்தனர். தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் கடன்கொப்பியில் சாமான் வாங்கினர். கடைக்காரரின் வீட்டுமொழியும் அவர்களுடையதே என்பதால் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லை.

இப்பகுதியின் பெயர்பெற்ற தலம் பலாங்கொடைக்கு அப்பால் கூரகலையிலுள்ள தப்தர் ஜெய்லானி. 1166இல் பக்தாதில் மறைந்த ஸூபி ஞானி முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி பாவாதமலையிலிருந்து திரும்பும் வழியில் இங்குள்ள குகையில் தியானம் செய்தார் என்பது நம்பிக்கை. அதற்கு வரலாற்றுச் சான்று கிடையாது. மலைக்குப் போன ஸூபிகள் இவ்வழியே நடமாடியிருக்கலாம் என்பது மட்டுமே நியாயமான ஊகம். கூரகலையில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமிக் கல்வெட்டுகளும் உண்டு. எனவே தொல்லியல் திணைக்களம், பௌத்த அமைப்புகள், ஜெய்லானி நிர்வாகம் ஆகியவற்றிடையே உரிமை குறித்த இழுபறி பல ஆண்டுகளாக நீடிக்கிறது. பலாங்கொடைப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த எம்.எல்.எம். அபூசாலி இத்தலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 2013இல் சர்ச்சை கூர்மையடைந்தது. ஆண்டுதோறும் கொடியேற்றமும் கந்தூரியும் நடந்துவந்த இத்தலத்துக்கு இலங்கையின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்தனர்.