எல்லைக் கிராமத்துத் தோக்கு: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வெளியூர் வந்த நம்மவர்கள் ஊருக்குப் போன் போட்டால், மழை, கல்யாணம், ரப்பர் விலை இவற்றோடு இப்போது பன்றிச் சேதியும் சேர்ந்தே வருகிறது. மரச்சீனி விளையில் ஒரு மூடு மிச்சமில்லை, வாழையைக் குத்திப் போட்டுவிட்டது என்று பேச்சு நீளும். கடைசியில் ஒரு கேள்வி வரும்: குறி தப்பாத, தூக்க லேசான, நம்ம கைக்கு எட்டுகிற விலையில் ஒரு தோக்கு கிடைக்குமா?

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி போலத்தான் இது தெரியும். ஆனால் இந்த மண்ணின் வரலாற்றைப் பார்த்தால், விவசாயியின் கையில் எந்தத் துப்பாக்கி இருக்கலாம் என்பதை அவர் மடியிலிருந்த காசு தீர்மானித்ததில்லை. ஆட்சியின் அனுமதியே தீர்மானித்தது. அதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்னர் காலத்துத் தோக்கு

நெய்யாற்றின்கரை என்றதும் மார்த்தாண்ட வர்மர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு நினைவுக்கு வரும். 1729 முதல் 1758 வரை ஆண்ட அம்மன்னர், 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்தார். அப்போது 389 துப்பாக்கிகள் கைப்பற்றப்பட்டதாக, சங்குண்ணி மேனோன் 1878-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாறு கூறுகிறது. பிடிபட்ட டிலனாய் பின்னர் மன்னரின் படைத்தலைவரானார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை நடந்தது. 1777-இல் மறைந்த அவருடைய கல்லறை இன்றும் அக்கோட்டைக்குள் இருக்கிறது.

ஆனால் அந்தத் துப்பாக்கிகள் எல்லாம் படைக்கு உரியவை. 1809-இல் தலக்குளம் வேலுத்தம்பியின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும், திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதியையே கம்பெனியார் கலைத்துவிட்டார்கள். பின்னாளில் மலையில் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்கு நல்ல ரைபிள்களைக் கொண்டுவந்தார்கள். அடிவாரத்தில் கிழங்கு நட்டவருக்கோ காவல் மாடம், பந்தம், தகரக் கொட்டு, நாய் இவைதாம் ஆயுதம். மலையிலிருந்த காணிக்காரர் ஏறுமாடம் கட்டி இரவெல்லாம் கண்விழித்தார்கள். கொல்லம் ஆண்டு 1068-இல், அதாவது 1893-இல் வந்த வனச் சட்டம் காட்டைச் சர்க்கார் பிடிக்குள் இறுக்கியது.

எல்லை பிரிந்தது, சட்டம் ஒன்றானது

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் நேசமணி அவர்களும் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளையில் கோடு விழுந்தது. பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள் இரண்டு மாநிலமாயின.

துப்பாக்கி விஷயத்தில் மட்டும் இருபுறமும் ஒரே சட்டம். 1959-இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு நமக்கு முக்கியமானது. பயிர்க் காவலுக்கு என்று கேட்பவருக்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்கிறது அது. அது போதாது என்று அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்குத் தரலாம். கவனியுங்கள், பயிர்க் காவலுக்கான இந்த வரியில் ரைபிள் என்ற பேச்சே இல்லை. ரைபிள் வேண்டுமென்றால் தனியாகத் தக்க காரணம் காட்டி அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும்.

குறி, எடை, விலை

ரைபிளின் குழலுக்குள்ளே திருகுபோலச் சுற்றிப் போகும் வரிகள் உண்டு. அவை குண்டைச் சுழற்றி நேராக அனுப்புகின்றன. வழவழப்புக் குழலில் அந்த வரிகள் கிடையா. ஆகவே தூரக் குறி என்று பார்த்தால் ரைபிளே மேல். அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் பாயிண்ட் 315 ரைபிளுக்கு நம் நாட்டில் பெயர் உண்டு. பாயிண்ட் 22 ரைபிள் லேசானது, தோட்டாவும் மலிவு. ஆனால் பன்றிக்கு அது பற்றாது. காயம்பட்ட பன்றி சுட்டவரையே திருப்பிக் குத்தும்.

சரி, பெரிய ரைபிளே வாங்கினால் என்ன? நம்ம ஊர் அமைப்பை நினைத்துப் பாருங்கள். விளைக்கு நடுவே வீடு, வீட்டுக்குப் பின்னால் ரப்பர், அதற்கு அப்பால் இன்னொரு வீடு. பெரிய ரைபிளின் குண்டு குறி தவறினால் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் போகும். 12 போர் துப்பாக்கியின் எஸ்.ஜி., எல்.ஜி. ரவைகள் சுமார் 30, 40 கஜத்துக்குள் வேலையை முடிக்கும். அதற்கப்பால் சீக்கிரம் வலுக்குறையும். 12 போர் என்பது, ஒரு பவுண்டு ஈயத்தில் சம எடையாக 12 உருண்டை பிடித்தால் ஓர் உருண்டை நுழையும் குழல் அளவு. இரட்டைக் குழல் ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். ஒற்றைக் குழல் அதைவிட லேசு, விலையும் குறைவு.

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி இன்னும் மலிவுதான். ஆனால் ஒரு வெடிக்குப் பிறகு மருந்து, சக்கை, ரவை என்று மறுபடி இடித்துக் கெட்டிப்பதற்குள் பன்றி அடுத்த விளைக்குப் போய்விடும். இடவப்பாதி மழையில் மருந்து நமுத்தால் அதுவும் இல்லை. ஆக, லைசென்ஸ் உள்ளவருக்கு ஏற்றது நல்ல நிலையிலுள்ள ஒரு 12 போர். பழையதாக வாங்கினால் குழலில் நெளிவு, துரு உண்டா, மூட்டு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பான சுடுதளத்தில் 30 கஜத்தில் அட்டை வைத்துச் சுட்டு, ரவை எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். குறி என்பது பாதி துப்பாக்கியில், பாதி கிட்டே வரும்வரை பொறுப்பதில்.

இன்றைய நிலை

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. எல்லையின் இந்தப் பக்கம் நெய்யாறு சரணாலயம் 1958-இல் அமைந்தது. அந்தப் பக்கம் கன்னியாகுமரி சரணாலயம் 2008-இல் வந்தது. பழைய நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கிழக்குப் பகுதி, வெள்ளறடை, அம்பூரி எல்லாம் இந்தக் காட்டின் விளிம்பு. பன்றிக்குக் களியக்காவிளை சோதனைச் சாவடி தெரியாது.

2022 மே மாதம் கேரள அரசு, பயிரழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுடுபவர் லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. செத்த பன்றியைப் புதைத்துவிட வேண்டும், கறிக்கு எடுக்கக் கூடாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு வேறு வழி எடுத்தது: காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடுவார்கள். ஒரே பன்றிக்கு இரண்டு முறை!

கேரளப் பக்கத்திலும் லைசென்ஸ்காரர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். தகப்பனாரின் துப்பாக்கி மகனுக்குத் தானாக வராது. புதிதாக மனுப் போட வேண்டும். அலைச்சல் பொறுக்காதவர் சிலர் வேலியில் கரண்டு கொடுக்கிறார்கள், அவுட்டுக்காய் வைக்கிறார்கள். அதில் மாட்டுவது பன்றி மட்டுமல்ல. விடியற்காலை ரப்பர் வெட்டப் போகிறவர், மாட்டை அவிழ்த்துப் போகும் அம்மா, விளையாடப் போன பிள்ளை எல்லாருக்கும் அந்தக் கம்பி ஒன்றுதான்.

முடிவுரை

ஆகவே, நல்ல தோக்கு எது என்ற கேள்விக்கு விடை கடையில் பாதி, கலெக்டர் அலுவலகத்தில் பாதி இருக்கிறது. ஊருக்கு ஊர் துப்பாக்கி பெருக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பயிற்சி பெற்ற, பொறுப்புள்ள சிலர் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் இருக்கட்டும். அவர்களுடைய மனு மேசையில் தூங்காமல் இருக்கட்டும். இரு மாநில வனத்துறையும் எல்லைக் கிராமங்களுக்கென்று ஒரே நடைமுறையை உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். வெளியூரிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் நாம், விளையில் கரண்டு கம்பி போடாதே என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்து அனுப்புவோம்.