பறக்காத கப்பல்

ஆகாயத்தில் ஒரு முறைகூடப் பறக்காத கப்பல் ஒன்று, வாஷிங்டன் நகரத்துத் தேசிய விமான, விண்வெளி அரும்பொருட்சாலையில் இருக்கிறது. 1927-ல் லிண்ட்பெர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டினாரே, அந்த அசல் விமானத்தை வைத்திருக்கும் அதே இடந்தான். நிஜமாகப் பறந்தவற்றின் நடுவே ஒரு பொய்க் கப்பலுக்கு எப்படி இடம் கிடைத்தது? பொய்யை எழுதிப் பிழைக்கும் கதாசிரியன் என்ற முறையில், இந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் சுயநலம் உண்டு.

கப்பலின் பெயர் 'எண்டர்பிரைஸ்'. 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடருக்காக 1964-ல் பிறந்தது. மரத்தாலும் உலோகத் தகட்டாலும் பிளாஸ்டிக்காலும் செய்த 11 அடி நீள பொம்மை.

விண்வெளிக்குக் கற்பனை வாகனம் செய்வது அதற்கு முன்பே நடந்த காரியந்தான். 1865-ல் ஜூல்ஸ் வெர்ன் மூன்று மனிதர்களை அலுமினியக் குண்டுக்குள் அடைத்து, பீரங்கியில் வைத்துச் சந்திரனை நோக்கிச் சுட்டார். 1929-ல் பிரிட்ஸ் லாங் என்ற டைரக்டர், தம் சினிமாவுக்கு ஒரு ராக்கெட் வேண்டுமென்று ஹெர்மன் ஓபர்த் என்ற நிஜமான ராக்கெட் நிபுணரிடமே யோசனை கேட்டார். பின்னால் வந்தவர்களில் பலர் அவ்வளவு சிரமப்படவில்லை. சுருட்டுப் போல ஓர் உடல், அடியில் மூன்று துடுப்பு, வாலில் நெருப்பு; கப்பல் தயார்!

'ஸ்டார் டிரெக்' தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரிக்கு இந்தச் சுருட்டு அலுத்துவிட்டது. கப்பலை வரையும் வேலையை மாட் ஜெப்ரீஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். அவர் போட்ட கட்டளைகள் பெரும்பாலும் 'கூடாது' என்றே முடிந்தன. துடுப்பு கூடாது, ராக்கெட் கூடாது, புகையும் நெருப்பும் கூடாது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் அதன் பலம் தெரிய வேண்டும்! இன்னது வேண்டாம் என்று மட்டும் சொல்லத் தெரிந்த பத்திரிகாசிரியரிடம் தொடர்கதை எழுதியவர்களுக்கு ஜெப்ரீஸின் சங்கடம் நன்றாகவே புரியும்.

1921-ல் பிறந்த ஜெப்ரீஸ், இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு வீச்சு விமானங்களில் பறந்தவர். விமானத்தின் மேல் தீராத மோகம் கொண்டவர். அவர் குவித்த படங்களில் இதிலிருந்து ஒரு தட்டு, அதிலிருந்து ஒரு குழாய் என்று பொறுக்கிப் பொறுக்கித்தான் கப்பல் உருவாயிற்று. முன்னால் ஜனங்கள் வசிக்கும் வட்டத் தட்டு. பின்னால் தாழ்வாக ஓர் உருளை. அதிலிருந்து கிளம்பும் இரண்டு கால்களின் நுனியில் நீண்ட இஞ்சின்கள்.

இஞ்சின்களை ஏன் அவ்வளவு தூரத்தில் வைத்தார்? நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவும் சக்தி எப்படியும் அபாயமானதாகத்தான் இருக்கும்; மனிதர்களுக்குப் பக்கத்தில் அதை வைக்கலாமா? கப்பலின் மேல்தோல் ஏன் அத்தனை வழவழப்பு? கெட்டுப் போகக்கூடிய எந்தச் சாமானையும் வெளியே வைக்கக் கூடாது. உள்ளே இருந்தால்தான் மனிதன் கை எட்டும். பறக்கும் விமானத்தில் ஏதாவது கோளாறு என்றால் என்ன பாடு என்பதை அறிந்த மனிதரின் யோசனை இது. பழுது பார்க்கிறவர் ஊர்ந்து ஏறுவதற்காகக் கப்பலுக்குள் அமைந்த குழாய் வழிக்கு, கூட வேலை செய்தவர்கள் 'ஜெப்ரீஸ் குழாய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கப்பலின் இலக்கம் 1701. அதற்குக்கூட ஒரு காரணம் வைத்திருந்தார். 3, 6, 8, 9 ஆகிய எண்கள் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும் என்று அவற்றை ஒதுக்கிவிட்டார். மிச்சம் இருந்தவற்றில், பதினேழாவது ரகத்தில் முதல் கப்பல் என்று கணக்குச் சொன்னார்.

இத்தனை கணக்குக்கும் நடுவே வறுமையும் தன் பங்கைச் செய்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் கிரகத்தில் கப்பல் இறங்குவதைப் படமெடுக்கப் பணம் கட்டுப்படியாகவில்லை. ஆகவே கப்பல் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மனிதர்கள் மட்டும் ஒளியாகக் கரைந்து கீழே போய் உருவெடுப்பார்கள் என்று ஏற்பாடு செய்தார்கள். பணமுடையிலிருந்து பிறந்த அந்த யுக்திதான் தொடரின் பெரிய கவர்ச்சிகளில் ஒன்றாயிற்று. கப்பலுக்கும் அதனால் லாபம். தரையில் இறங்கக் கால் வேண்டாம், காற்றைக் கிழிக்கக் கூர்மூக்கு வேண்டாம். ஜெப்ரீஸ் இஷ்டம்போல் வரையலாம்.

1966 செப்டம்பரில் ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. 79 கதைகளோடு 1969-ல் நிறுத்திவிட்டார்கள். பொம்மைக்கு வேலை போயிற்று. 1974-ல் அது அரும்பொருட்சாலைக்கு வந்து சேர்ந்தது. 1976-ல் அமெரிக்கா தன் முதல் விண்வெளி ஓடத்துக்குப் பெயர் வைக்கப் போனபோது, ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதி 'எண்டர்பிரைஸ்' என்ற பெயரையே வாங்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த நிஜ ஓடமும் விண்வெளிக்குப் போகவே இல்லை. 1977-ல் காற்றுமண்டலத்துக்குள் மிதந்து இறங்கிப் பரிட்சை கொடுத்ததோடு சரி!

ஜெப்ரீஸ் 2003-ல் காலமானார். பொம்மையைப் பழுது பார்த்து, 2016-ல் மறுபடியும் காட்சிக்கு வைத்தார்கள்.

டெலிவிஷன் பார்த்தவர்களில் எத்தனை பேர், இஞ்சின் ஏன் தள்ளி இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள்? அநேகமாக ஒருவரும் இல்லை. ஆனாலும் ஜெப்ரீஸிடம் பதில் தயாராக இருந்தது. படிக்கிறவருக்குத் தெரியவா போகிறது என்று கதாசிரியன் நினைத்த கணத்திலேயே அவனுடைய பாத்திரங்கள் காகிதமாகிவிடுகின்றன. கேட்காத கேள்விக்கும் விடை வைத்திருப்பது ரசிகருக்குச் செய்யும் மரியாதை. பொய்க் கப்பலுக்கு நிஜ விமானங்களின் நடுவே இடம் வாங்கிக் கொடுத்தது அந்த மரியாதைதான் என்பது என் அபிப்பிராயம்.