சுரியானி ஆசான் சுரியானியை விட்ட வரலாறு

வழிபாட்டு மொழி மக்களுக்கு விளங்க வேண்டும் என்னும் குரல், அம்மொழியை அறியாதவர்களிடமிருந்து எழுவது இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் அக்குரல் அம்மொழியைக் கற்பித்தவரிடமிருந்தே எழுந்தது.

பம்பைக் கரையிலுள்ள மாரமண்ணைச் சேர்ந்த பாலக்குன்னத்து ஆபிரகாம் (1796–1845), மலங்கரை சுரியானிக் கிறிஸ்தவரின் குரு. அவர் பெயரோடு ஒட்டிய 'மல்பான்' என்னும் பட்டத்திற்குச் சுரியானியில் ஆசான் என்று பொருள். கோட்டயம் செமினாரியில் குருமாணவர்களுக்குச் சுரியானி பயிற்றுவித்தார். அக்காலத்தில் குர்பானா சுரியானியிலேயே நடந்தது. மக்கள் நின்றனர், வணங்கினர், கலைந்தனர். சொல்லப்பட்டது இன்னதென அறியவில்லை. மறுபுறம், பெஞ்சமின் பெய்லியின் மலையாளப் புதிய ஏற்பாடு 1829இல் அச்சேறியது. மறைநூல் தாய்மொழியில் பேசத் தொடங்கியபின் மன்றாட்டு மட்டும் விளங்காமலிருப்பது உறுத்தலாயிற்று.

1836இல் மல்பானும் அவரோடு இணைந்த குருக்களும் சபையின் குறைகளைத் தொகுத்து ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் ஃபிரேசரிடம் விண்ணப்பித்தனர், பயன் விளையவில்லை. 1837இல் மாரமண் கோயிலில் மல்பான் மலையாளத்தில் குர்பானை நிகழ்த்தினார். ஆண்டுதோறும் விழா எடுக்கப்பட்டு வந்த மரத் திருவுருவத்தைக் கிணற்றில் இட்டார். செப்பாட்டு மார் திவன்னாசியோஸ் மெத்திராப்போலீத்தா அவரைச் சபைவிலக்கம் செய்தார். அவரிடம் பயின்ற திருத்தொண்டர்களுக்குக் குருப்பட்டம் அளிக்கவும் மறுத்தார். அடுத்த தலைமுறைக்குக் குருவே இல்லாமற்போகும் நிலை.

மல்பான் அப்போதும் ஆங்கிலிக்கன் சபையில் சேரவில்லை. தம் உறவினர் மத்தாயியை மார்தீனிலிருந்த சுரியானி முதுபெரும் தந்தையிடம் அனுப்பினார். அவர் மாத்யூஸ் மார் அத்தனாசியோஸ் என்னும் ஆயராகத் திருநிலை பெற்று 1843இல் திரும்பினார். சுரியானி மொழியை விட்டவர் சுரியானி மரபின் ஆட்சியுரிமையை விடவில்லை.

வழிபாட்டுத் திருத்தத்திலும் இதே போக்குதான். புனிதர்களை நோக்கிய வேண்டல்களும் இறந்தோருக்கான மன்றாட்டுகளும் நீங்கின. குர்பானையின் கட்டமைப்பு நிலைத்தது. ஆகவே இதைச் சடங்குக்கு எதிரான கலகம் என்பது பொருந்தாது. சொல்பவர் மனமொப்பிச் சொல்லக்கூடியதாகச் சடங்கு இருக்க வேண்டும் என்பதே அவர் செயல் உணர்த்துவது. மொழியியல் நோக்கில் இது கூர்மையான நிலைப்பாடு. பொருளறியாத வாக்கியத்தைக் கொண்டு ஒருவர் பொய்யும் சொல்ல முடியாது. மெய்யும் சொல்ல முடியாது. உண்மையான வேண்டுதலுக்குப் புரிதல் முன்நிபந்தனை.

எதிர்த்தரப்பின் நியாயமும் எளிதன்று. 1599ஆம் ஆண்டு உதயம்பேரூர் சங்கத்தில் போர்த்துக்கீசியர் லத்தீன் மரபைத் திணிக்க முயன்றதையும், 1653இல் கூனன் குருசு உறுதிமொழி எடுத்ததையும் நினைவில் கொண்ட சமூகம் அது. அதற்குச் சுரியானி வெறும் ஒலிக்கோவை அன்று, அடையாளத்தின் அரண். முன்னோர் நின்ற இடத்தில் அவர்கள் கேட்ட ஒலியைக் கேட்டு நிற்பதும் பக்தியே என அவர்கள் கருதியிருந்தால் அதைப் பிழை என்று தள்ளிவிட முடியாது.

வழக்குமன்றத்தில் சீர்திருத்தத் தரப்பு தோற்றது. 1889ஆம் ஆண்டுத் தீர்ப்பால் மல்பான் சுரியானி கற்பித்த அந்தச் செமினாரியே கைநழுவியது. மார்த்தோமா சபை தனிவழி கண்டது. ஆனால் மொழி வழக்கில் காலம் அவர் பக்கம் சாய்ந்தது: 1962இல் கத்தோலிக்கரான சீரோ-மலபார் சபையும் மலையாளத்தில் குர்பானா நிகழ்த்தத் தொடங்கியது.

எனினும் மல்பான் எழுப்பிய கேள்வி மொழிபெயர்ப்போடு முடிந்துவிடவில்லை. தாய்மொழி மன்றாட்டும் நாளடைவில் மனப்பாடமாகி, நாவளவில் நின்றுவிடக்கூடும். 1837 அகற்றியது 'எனக்கு விளங்கவில்லை' என்னும் ஒரே தடையை. விளங்கிய பின்னும் மனம் ஒன்றாமல் சொல்பவருக்கு எந்த மொழிபெயர்ப்பும் உதவாது.