ஒற்றியூரில் பிறந்த புல்லட்

திருவொற்றியூர் என்றதும் இலக்கிய அன்பர்களுக்குச் சுந்தரரும் சங்கிலியாரும் நினைவுக்கு வருவர். பட்டினத்தாரின் சமாதியும் வரும். அதே ஊரில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், அடிப்படை அமைப்பு மாறாமல் ஓர் எஞ்சின் உருவாகி வந்தது. அந்த 'புல்லட்' மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சில செய்திகளை இங்குப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம். கல்வெட்டுகளையே தேடித் திரிந்த எங்களுக்கு, இரும்பிலும் வரலாறு உண்டு என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம் தையல் ஊசிக்குப் பெயர் பெற்றது. அங்கே ஊசி செய்துவந்த பட்டறையொன்று மிதிவண்டிக்கு மாறி, என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப்பாகங்கள் செய்துகொடுத்த உறவால் 'ராயல் என்ஃபீல்டு' ஆயிற்று. 'புல்லட்' என்னும் பெயர் 1932இல் வந்தது. 1950களின் முற்பகுதியில் இந்திய இராணுவம் 350 சிசி புல்லட்டுகள் 800 வேண்டுமெனக் கேட்க, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் இணைந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டுவது மட்டுமே இங்கு வேலை. பின்னர் உற்பத்திக் கருவிகளே வந்து சேர்ந்தன. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் பிரிட்டனில் உற்பத்தி அடியோடு நின்றது. 1977இல் ஒற்றியூர் புல்லட்டுகள் பிரிட்டனுக்கே விற்பனைக்குச் சென்றன. தாய்வீடு நொடித்தபின் மகள் வீட்டிலிருந்து சீர் போன கதைதான்!

நிற்க. இருபது முப்பது ஆண்டுகள் ஒரே புல்லட்டை வைத்திருந்து, அதிலேயே மணாலி-லே சாலைவரை சென்று திரும்பியவர்கள் பலர். அவர்கள் அதனை 'நம்பகமான வண்டி' என்னும்போது வெளியாருக்குச் சற்று வியப்பாயிருக்கும். எண்ணெய் கசியும், அதிர்வில் நட்டுகள் கழலும். பழுதாகாமை நம்பகம் என்றால் ஜப்பானிய வண்டிகளுக்கு முன் இது நிற்கவே முடியாது. எங்கே நின்றாலும் அங்கேயே சரிசெய்துவிடலாம் என்பதைத்தான் புல்லட்காரர்கள் நம்பகம் என்றனர்.

அதற்குக் காரணம் அதன் எளிமை. 70 மி.மீ. விட்டத்தில் ஒரே பிஸ்டன், 90 மி.மீ. நீள வீச்சு, கொள்ளளவு 346 சிசி. எஞ்சின் தனி, கியர்பெட்டி தனி. டேப்பெட் சரிபார்க்க அளவுக்கருவிகூடத் தேவையில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தள்ளுகோலை இரு விரலால் சுழற்ற வேண்டும். தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவே. கிளப்புவதும் இப்படித்தான். கிக்கரை மெல்ல அழுத்தும்போது அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தைக் கண்டுகொண்டு, டீகம்ப்ரஸர் பிடியை இழுத்துச் சற்றே தாண்டவிட்டு, பிடியை விட்டபின் ஒரே உதை. இம்முறை அறியாமல் உதைத்துக் கணுக்காலில் அடிபட்டவர்களை நாம் எல்லா ஊரிலும் காணலாம்.

இராணுவமும் காவல்துறையும் இதே வண்டியை ஓட்டியதால் மெக்கானிக்குகள் எங்கும் பெருகினர். வடிவம் பெரிதும் மாறாததால் தந்தை வண்டியின் பாகங்கள் பல மகன் வண்டிக்கும் பொருந்தின. தொழில்நுட்பத் தேக்கம் என்று அறிஞர்கள் இதனைக் குறை கூறுவர். அக்குறையில் உண்மை உண்டு. 1990களில் அந்நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்குச் சென்றதில் அதற்கும் பங்குண்டு. ஆயினும் அத்தேக்கமே உரிமையாளருக்கு அரணாயிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2008 தொடங்கி, எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டிலமைந்த புதிய வகை பழையதன் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது. கசிவு குறைந்தது; பொத்தானை அழுத்தினால் கிளம்பியது. டேப்பெட்டுகளும் எண்ணெய் அழுத்தத்தால் தாமே சரிசெய்துகொள்பவை ஆயின. பழைய பட்டறைகளில் இன்றும் வார்ப்பிரும்பு வண்டிகள் வருகின்றன. முதிய மெக்கானிக் மூடியைக் கழற்றித் தள்ளுகோலைச் சுழற்றிப் பார்க்கிறார். அருகில் நிற்கும் பையனிடம் அவனையும் ஒருமுறை சுழற்றிப் பார்க்கச் சொல்கிறார். எவ்வளவு தளர்வு சரி என்று அவன் கேட்டால், எண்ணில் சொல்ல அவருக்கு வருவதில்லை.